திட்டினால்தான் தின்னும்

பொறாமை அவளுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் தங்கையின் நீளப் பின்னலைப் பார்த்து வயிறெரிந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில், மாடி வீட்டுக்காரியின் குழாயில் மட்டும் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும் சத்தத்தைக் கேட்டு வயிறெரிந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்தியம்மாள்மேல். காரணம், மகள் அந்த அம்மாளை வாய் நிறைய 'அம்மா' என்று கூப்பிட்டாள். "மாமியாரை அத்தைன்னு கூப்பிட்டா நாக்கு சுளுக்கிக்குமா?" என்று புருஷனிடம் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தையல்காரரான அவர் எந்நேரமும் உதட்டில் குண்டூசி கவ்வியிருப்பவர். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்ததில்லை.

ஆனால் ஐம்பத்தொரு வயதில், நரைத்த தலையோடு, ஒரு குதிரைக்காக இப்படி வெந்து சாவோம் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

அவளை எல்லோரும் வாளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கும் வேலை பார்த்தபோது தினமும் அவளுடைய வாளி காணாமல் போகும். சண்டை போட்டுப் பார்த்தாள், பூட்டி வைத்துப் பார்த்தாள். கடைசியில் சொந்தமாக ஒரு நீல வாளி வாங்கி, சாயங்காலம் வீட்டுக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். கைப்பிடிக் கம்பி விரலை அறுக்காமல் இருக்கப் புருஷன் அதற்குத் துணி சுற்றித் தைத்துக் கொடுத்திருந்தார். குதிரைக் காப்பகத்தில் வேலை கேட்டு வந்த அன்றும் அந்த வாளியோடுதான் வந்தாள். "தண்ணி இங்கயே இருக்கும்மா" என்றார் மேனேஜர். "தண்ணி இருக்கும் சார், வாளி இருக்காது" என்றாள். வேலை கிடைத்தது. பெயரும் கிடைத்தது.

காப்பகம் முன்பு பஸ் பணிமனையாக இருந்த இடம். பஸ்கள் நின்ற தடுப்புகளில் இப்போது குதிரைகள் நின்றன. தூண்களில் பெயின்ட்டில் எழுதிய எண்கள் அப்படியே இருந்தன. எத்தனை முறை கழுவினாலும் தரையில் பழைய எண்ணெய்க் கறை லேசாகத் தெரியும். வண்டி இழுத்து ஓய்ந்தவை, பந்தயத்தில் கால் போனவை, கட்டிய இடத்திலேயே கைவிடப்பட்டவை என்று இருபதுக்குக் குறையாமல் இருக்கும். தேற்றி, உடம்பு ஏற்றி, நல்ல இடமாகப் பார்த்து அனுப்பிவிட வேண்டும். அதுதான் அங்கே வேலை. அதனால் குதிரைகளுக்குப் பெயர் வைப்பதில்லை. நிற்கும் தூணின் எண்தான் பெயர். அழைத்துக்கொண்டு போகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு குதிரைக்கு மூன்று கை. ஒரே ஆள் தீனி வைத்தால் குதிரை அந்த ஆளோடு ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு அனுப்பும்போது இரண்டு பக்கமும் பாடு. ஆகவே முறை வைத்து மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

பதினேழு அப்படித்தான் வந்தது. மூடிப்போன கிடங்கு ஒன்றின் பின்பக்கம் ஒரு முழக் கயிற்றில் கட்டிக் கிடந்த செம்பழுப்பு நிறப் பெண்குதிரை. லாரியின் பலகையை இறக்கியபோது, கோணியைக் கொடியில் காயப்போட்ட மாதிரி எலும்பின்மேல் தோல் தொங்கிக்கொண்டு நின்றது. குளம்புகள் வளர்ந்து நுனி மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. பிடரி மயிர் சடையாகி, அதற்குள் புண்.

"இது நடந்து வரணுமா, நாம தூக்கிட்டுப் போகணுமா?" என்றார் லாடக்காரர்.

"நீங்க தூக்குவீங்க. அரை மூட்டைத் தவிடு தூக்கறதுக்கே இடுப்பைப் புடிக்கிற ஆளு" என்றாள் வாளியக்கா.

டாக்டரம்மா சொன்னது, அவசரப்பட்டு வயிறு நிறையக் கொடுத்தால் அதுவே எமனாகிவிடும் என்று. பட்டினி கிடந்த உடம்பு திடீர்த் தீனியைத் தாங்காது. குதிரை மசால் தழையைக் கைப்பிடி கைப்பிடியாக, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் வாரம் தானியம் கிடையவே கிடையாது. ஆனால் அந்தக் கைப்பிடியையும் பதினேழு தொடவில்லை. ஆள் உள்ளே வந்தால் மூலையில் ஒடுங்கி, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். மற்ற இருவரும் புத்தகத்தில் உள்ளபடி மெதுவாக, பேசாமல், பூனை நடை நடந்து போய் வைத்துவிட்டு வந்தார்கள். வைத்தது வைத்தபடியே இருந்தது.

மூன்றாம் நாள் வாளியக்காவின் முறை. அன்று காலையில்தான் மகள் போனில் பேசியிருந்தாள். பேச்சுவாக்கில், "அம்மா சமைக்கிறதுதான் எனக்குப் பிடிக்குது" என்றாள். எந்த அம்மா என்று கேட்க வாளியக்காவுக்கு வாய் வரவில்லை. அந்த எரிச்சல் பஸ்ஸில் வளர்ந்து, காப்பக வாசலில் கொதித்து, பதினேழாம் தடுப்புக்கு வரும்போது பொங்கிவிட்டது.

"பெத்தவ ஒருத்தி, பேரு ஒருத்திக்கு! இருவத்திரண்டு வருஷம் ஊட்டினவ கை கசந்து போச்சா? அந்த அம்மா நேத்து வந்தவங்க. கேக்கறதுக்கு ஆளில்ல. இந்த மனுஷன்கிட்ட சொன்னா ஊசியை வாயில வச்சுக்கிட்டு ஊமையா உக்காந்திருக்காரு. நீ ஏன்டி முதுகைக் காட்டற? உனக்கும் நான் கசக்கறனா? தின்னா தின்னு, தின்னாட்டிப் போ. ஆறரை மணி பஸ்ல ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு வந்தவ நான்!"

வாளியைத் தரையில் டொக்கென்று வைத்துவிட்டு, எருவை வாரிக்கொண்டே மேலும் கால் மணி நேரம் பேசினாள். மூச்சு வாங்கத் திரும்பியபோது பதினேழு தின்றுகொண்டிருந்தது. காது இரண்டும் அவள் பக்கமாகத் திரும்பியிருந்தன. அவள் வாயடைத்து நின்றாள். குதிரையும் மெல்லுவதை நிறுத்தியது.

"என்ன, நிறுத்திட்ட? தின்னுடி."

மறுபடி மென்றது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வெட்கத்தால். காப்பகத்தில் குதிரைகளிடம் குரல் உயர்த்தக் கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. பிறகு வேறொரு காரணத்தால். மற்ற இருவரும் வைத்தால் பாதி தின்னும். அவள் வைத்தால் வாளியை நக்கும். "உன் கை ராசி அக்கா" என்றார்கள். ராசியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வாழ்க்கையில் ஒரு வாளி மட்டும் இருந்தவளுக்கு, இது இரண்டாவது.

முறை மாற்றும் விதியை அவள் சாமர்த்தியமாக உடைத்தாள். "உன் பங்கு எருவை நான் வாரறேன், பதினேழை எனக்கு விடு" என்றால் எவன் வேண்டாமென்பான்? இரண்டு மாதத்தில் மூன்று கை ஒரு கையானது. மேனேஜர் தாளில் மட்டும் மூன்று கையெழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு மாதம். லாடக்காரர் ஒரேயடியாக வெட்டாமல் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளம்பைச் செதுக்கிச் சரி செய்தார். ஒவ்வொரு தடவையும் அவள் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே நிற்பாள். கூராகிப்போன பல்லை அரத்தால் ராவினார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள். சடையை அவள்தான் கத்தரித்தாள், ஒன்பது நாளில், தினம் ஒரு கொத்தாக. விலா எலும்புகளை வெளியிலிருந்து எண்ண முடிந்த காலம் போய், கையை அழுத்தித் தேட வேண்டிய காலம் வந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு நாள், முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே மார்பில் காய்ந்த சேற்றைச் சுரண்டும்போது, பதினேழு கழுத்தை நீட்டி, மேலுதட்டை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்து, பல் தெரியத் துடிக்க விட்டது. சொக்கிப்போன கிழவியின் முகம் மாதிரி இருந்தது. வாளியக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் சுரண்டினாள். மறுபடி அதே கோணல் உதடு. தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள். இதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தத் தம்பதி வந்தார்கள்.

ஊருக்கு வெளியே செடி நர்சரி வைத்திருப்பவர்கள். பின்னால் வேலி போட்ட புல்வெளி, ஒரு கிழட்டுப் பொட்டைக் கழுதை. கழுதைக்குத் துணையாக, சவாரிக்குத் தேவைப்படாத, அமைதியான குதிரை ஒன்று வேண்டும். அவர் வாட்டசாட்டமான ஆள், ஓயாமல் பேசுவார். அந்த அம்மாள் நேர்மாறு. மெல்லிய உடம்பு, அதைவிட மெல்லிய குரல். நகக்கண்ணில் மண். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான் மனிதர்களிடமும் பேசுவாள், வேர் கலையாமல்.

வாளியக்கா அப்போது பதினேழுக்கு எதிரே வாய்க்காலில் அடைத்துக்கொண்ட வைக்கோலைக் கம்பியால் குத்திக்கொண்டு, யார் போட்டார்களோ அவர்களுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பதினேழு தடுப்புக்கு வெளியே கழுத்தை நீட்டி, நர்சரியம்மாவின் தோளில் மூக்கை வைத்திருந்தது. அந்த அம்மாள் அசையாமல் நின்றாள். கண்ணில் நீர்.

வாளியக்காவின் கையில் கம்பி அப்படியே நின்றது. அவள் தோளில் அந்த மூக்கு வர நாலு மாதம் ஆகியிருந்தது. நாலு மாதம்! இவளுக்கு நாலு நிமிஷம்.

"பாத்தீங்களா சார், அதுவே தேர்ந்தெடுத்துடுச்சு" என்றார் நர்சரிக்காரர்.

மேனேஜருக்குப் பரம சந்தோஷம். "அப்படியெல்லாம் யாருகிட்டயும் போகாதுங்க அது."

யாரிடமும் போகாதாம். வாளியக்கா கம்பியை வாய்க்காலுக்குள் ஒரு குத்து குத்தினாள்.

"செவ்வந்தின்னு கூப்பிடலாமா?" என்று அந்த அம்மாள் குதிரையிடமே கேட்டாள்.

சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். "செவ்வந்தியாம், செவ்வந்தி! குதிரைக்கு வைக்கிற பேரா அது? அப்புறம் அந்தக் கழுதைக்கு ரோஜாவா? அது கிடங்குல கிடந்தப்ப எங்க போயிருந்தாங்களாம் இவங்க? புண்ணுல புழு இருந்தப்ப வந்து தோளைக் காட்ட வேண்டியதுதானே? தேய்ச்சு மினுக்கி வச்சப்புறம் வந்து கண்ணு கலங்குறாங்க. எனக்கும்தான் கலங்கத் தெரியும்."

அவர் ஒரு கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அனுப்பறதுக்குத்தானேம்மா தேத்தறீங்க?"

"நீங்க ஊசியையே வாயில வச்சுக்கங்க."

அனுப்புவதற்குமுன் ஒரு படிவம் உண்டு. குதிரையை அதிகம் கவனித்தவர் சொல்ல, மேனேஜர் எழுதுவார். தீனி எவ்வளவு, எந்தக் கால் முதலில் தூக்கும், மழைக்குப் பயமா, இடிக்குப் பயமா. கடைசி வரி: தனிப் பழக்கங்கள் ஏதாவது?

மேனேஜர் பேனாவோடு நிமிர்ந்தார். "என்னக்கா, ஏதாவது இருக்கா?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. சத்தமாகப் பேசிக்கொண்டே தீனி வைக்க வேண்டும் சார். திட்ட வேண்டும். அப்போதுதான் தின்னும். ஐந்து விநாடி வேலை. ஆனால் தோளில் இருந்த அந்த மூக்கு கண்முன் வந்தது. அதுவே தேர்ந்தெடுத்ததாமே. தேர்ந்தெடுத்தவர்களே தெரிந்துகொள்ளட்டும்.

"ஒண்ணும் இல்ல சார்."

'ஏதுமில்லை' என்று எழுதிக் கோடு போட்டார்.

வண்டியில் ஏறும்போது பதினேழு இருமுறை திரும்பிப் பார்த்தது. எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அவள் கிட்டே போகவில்லை, வாயையும் திறக்கவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதை அன்றுதான் அந்தக் குதிரை முதல்முதலாகப் பார்த்திருக்கும்.

மூன்றாம் நாள் போன் வந்தது. அலுவலகத்துக்கு வெளியே துடைப்பத்தைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு மேனேஜரின் பாதிப் பேச்சு கேட்டது. "அப்படியா... தொடவே இல்லையா?... புது இடம்தானே, ரெண்டு நாள் பாருங்க... ஆமா ஆமா, அமைதியாவே விடுங்க, சத்தம் வேண்டாம்."

அவளுக்கு உள்ளே ஏதோ இனித்தது. உண்மையைச் சொல்வதானால் இனிக்கத்தான் செய்தது. நாலு நிமிஷத்தில் தோளில் மூக்கு வைத்ததே, இப்போது? நானில்லாமல் ஒரு வாய் உள்ளே இறங்கவில்லையே!

நாலாம் நாள் டாக்டரம்மா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வேலியோரம் சாயங்காலத்தில் நாலு புல் கடிக்கிறதாம். தொட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லையாம். ஆள் போனால் மூலைக்குப் போய்ப் பின்பக்கத்தைக் காட்டுகிறதாம். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள் மேனேஜரிடம்.

திருப்பி. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாளியக்கா பதினேழாம் தடுப்புக்குப் போனாள். காலியாகத்தான் கிடந்தது. புது வைக்கோல் பரப்பினாள். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்து வைத்தாள். யாரும் அவளை அந்த வேலை செய்யச் சொல்லவில்லை. லாடக்காரர் அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார்.

"யாருக்குக்கா மெத்தை?"

"யாராவது வருவாங்க."

"எல்லாக் குதிரையும் போனா பத்து நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்ப. இந்தத் தடவை பாட்டு வருது வாயில."

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பாடிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை.

அன்று வீட்டில் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். திட்டினால்தான் தின்னும் என்பதையும், படிவத்தில் சொல்லாததையும். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. கெட்டிக்காரி என்று சொல்வார் என எதிர்பார்த்தாளோ என்னவோ. அவர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். அத்தனையையும் எடுத்தார்.

"நம்ம பொண்ணு கல்யாணமாகிப் போன புதுசுல பத்து நாள் சரியா சாப்பிடல, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சம்பந்தியம்மா உனக்கு போன் பண்ணி, இவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாங்க. நீ ஒரு மணி நேரம் சொன்ன."

"சொன்னேன். அதை வச்சுத்தானே என் பொண்ணைக் கவுத்துட்டாங்க."

"அப்புறம் சாப்பிட்டாள்ல?"

அவள் எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். சொல்லாமல் இருந்திருந்தால்? பத்து நாள் பதினைந்தாகியிருக்கும். மகள் பெட்டியோடு திரும்பி வந்திருப்பாள், கன்னம் ஒட்டி. அப்போதும் இப்படித்தான் மெத்தை விரித்துப் பாடிக்கொண்டிருந்திருப்பேனா? நான் அப்படிப்பட்டவளா? தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலை டாக்டரம்மா கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். அதே செம்பழுப்பு முதுகு. விலா எலும்பு மூன்று, வெளியிலிருந்தே எண்ணக்கூடியதாக. "இதுக்கு ஏற்கெனவே குடல் பலவீனம். இன்னும் ரெண்டு நாள் இப்படி இருந்தா, திருப்பிக் கூட்டிட்டு வர வண்டி தேவைப்படாது" என்றாள்.

எட்டு மாதத்தில் ஒவ்வொன்றாக மூடிய எலும்புகள். ஐந்தே நாளில் மூன்று எழுந்துவிட்டன.

"டாக்டரம்மா" என்றாள் வாளியக்கா. "அது திட்டினாத்தான் தின்னும்."

"என்னது?"

"நான் திட்டிக்கிட்டேதான் தீனி வைப்பேன். மொத நாள்லேருந்து. அந்தம்மா மெதுவாப் பேசறவங்க."

மேனேஜர் கோபத்தில் படிவத்தைத் தேடினார். "தனிப் பழக்கம் இருக்கான்னு கேட்டனே! ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே!"

"மறந்துட்டேன் சார்" என்றாள். பிறகு, "மறக்கல சார்" என்றாள்.

அவர் படிவத்தை மேஜைமேல் எறிந்தார். டாக்டரம்மாதான் வண்டிச் சாவியை எடுத்தாள். "ஏறுங்க. போற வழியில பேசிக்கலாம்." வழியில் அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான். "அதை முன்ன வச்சிருந்தவன் சத்தமில்லாம பின்னால வந்து அடிச்சிருப்பான். சத்தமில்லாம வர்றவங்களைக் கண்டாத்தான் அதுக்குப் பயம். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அதுக்கு எப்பவும் தெரிஞ்சிருக்கும்."

நர்சரியில் பூந்தொட்டிகளின் வரிசை முடிகிற இடத்தில் வேலி. கழுதை தன் பங்கைத் தின்றுவிட்டு அடுத்த தொட்டியைக் கண்ணால் தின்றுகொண்டிருந்தது. மூலையில், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, பதினேழு.

நர்சரியம்மா ஓடி வந்தாள். அந்த அம்மாளும் இளைத்துத்தான் போயிருந்தாள். "அக்கா, நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க. ராத்திரியெல்லாம் கிட்டயே உக்காந்திருக்கேன். மூச்சுகூட சத்தமா விடல."

வாளியக்கா நீல வாளியில் மசால் தழையை அள்ளினாள். வேலிக் கதவைத் திறந்தாள். வாயைத் திறந்தாள்.

"அடியே! பகுமானமா நிக்கிறியா? புல்லு வேணுமா உனக்கு, பூ வேணுமா? அஞ்சு நாளா அந்த மனுஷியைத் தூங்க விடாம..."

காது இரண்டும் திரும்பின. பிறகு தலை. பிறகு பதினேழு முழுதாகத் திரும்பி, புல்லை மிதித்துக்கொண்டு, ஏறக்குறைய ஓடியே வந்தது. வாளிக்குள் மூக்கை விட்ட வேகத்தில் கைப்பிடி நழுவியது. அவள் திட்டிக்கொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு நிமிடம் போதும் என்று இருந்தது. யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தும் கொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள். நர்சரியம்மாவின் முகத்தில் இருந்ததை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுக்கு மிகவும் தெரிந்த சரக்கு. பொறாமை.

பாவம் என்று தோன்றியது. நன்றாக வேண்டும் என்றும் தோன்றியது.

அரை வாளி தீர்ந்ததும் பேச்சை நிறுத்தினாள். குதிரை மெல்லுவதை நிறுத்தியது. வாளியை நீட்டினாள். "இந்தாங்க. நீங்க திட்டுங்க."

"நானா?"

"இவ யாரையும் திட்டினதே இல்லக்கா" என்றார் நர்சரிக்காரர் பெருமையாக. "இருவது வருஷமா என்னையே ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"செவ்வந்தி... ஏன் சாப்பிடல நீ..." என்றாள் அந்த அம்மாள். குதிரையின் காது பின்னால் படுத்தது.

"இது திட்டா? தாலாட்டு. வயித்துலேருந்து வரணும். யார்மேலயாவது கோபம் இருக்கும்ல?"

"எனக்கு யார்மேலயும் கோபம் இல்லக்கா."

"உண்மைதான். தங்கம் இவ" என்றார் அவர். "நான் எது சொன்னாலும் சரிம்பா. இந்தக் கழுதையைக்கூட நான்தான் கேக்காம வாங்கிட்டு வந்தேன். சிரிச்சுட்டுப் போயிட்டா."

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சனா?" குரல் இன்னும் மெல்லியதாகத்தான் இருந்தது. "கேக்காம வாங்கிட்டு வந்தீங்க. யாரு சாணி அள்ளறது? கேக்காம ரோஜாக் கன்னு முந்நூறு எடுத்தீங்க, யாரு தண்ணி ஊத்தினது? என் அக்கா வீட்டு விசேஷத்துக்கு நாளைக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு நாலு வருஷம்! நான் வாயைத் திறக்கலன்னா எனக்கு வாயே இல்லன்னு நினைச்சீங்களா?" ஏறிக்கொண்டே போனது. "ஊரெல்லாம் தங்கம் தங்கம்னு சொல்லிட்டு சாப்பிட்ட தட்டை அங்கயே வச்சுட்டு எந்திரிக்கிறீங்களே, தங்கத்தைத் தட்டுக் கழுவவா விடுவாங்க?"

மரச்சுத்தியல் அடிபோல் வந்து விழுந்தன வார்த்தைகள். நர்சரிக்காரர் ஒரு தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றாள். பதினேழு அந்த அம்மாள் கையிலிருந்த வாளிக்குள் தலையை விட்டு, காதுகளை முன்னுக்கு நீட்டி, நிதானமாகத் தின்றது. வாளியை நக்கியது.

அந்த அம்மாளின் திட்டு நன்றாக இருந்தது என்பதை வாளியக்காவால் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. தன்னுடையதைவிட நன்றாக. இருபது வருடச் சேமிப்பு. இங்கே அந்தக் குதிரை பட்டினி கிடக்காது. அதை நினைத்தபோது மீண்டும் பழைய இடத்தில் எரிந்தது.

வண்டியில் திரும்பும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று தோளில் மூக்கு வைத்தபோது, எதிரே வாய்க்காலில் நின்று ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தது யார்? தன் குரல் காதில் விழுந்துகொண்டிருந்ததால்தான் அது அந்நியத் தோளில் தைரியமாகச் சாய்ந்தது. ஆக, அந்த நாலு நிமிஷமும் தன்னுடையது. டாக்டரம்மாவிடம் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். சொல்லவில்லை. ஆனால் வீடு வரை முதுகு நிமிர்ந்தே இருந்தது.

மேனேஜர் ஒரு மாதம் அவளை எந்தக் குதிரைக்கும் முறை போடாமல் எருவுக்கு மட்டும் விட்டார். அவளும் கேட்கவில்லை. புதிதாக வருகிற குதிரைகளின் தடுப்பைக் கடக்கும்போது உதட்டை இறுக மூடிக்கொண்டாள். "என்னக்கா, நீயும் ஊசி கவ்விக்கிட்டியா?" என்றார் லாடக்காரர்.

நீல வாளியை அவள் திருப்பி எடுத்து வரவில்லை. அன்று அது அந்த அம்மாள் கையிலேயே இருந்துவிட்டது. புருஷன் வேறொன்றுக்குத் துணி சுற்றிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நர்சரியம்மா போனில். நன்றாகச் சாப்பிடுகிறதாம், எலும்பு மூடிவிட்டதாம், இவரும் தட்டைக் கழுவி வைக்கிறாராம். குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நேத்து முன்னங்கால் நடுவுல, மார்பாண்ட சேறு காஞ்சிருந்துச்சு. சுரண்டினேன். இவ மேலுதட்டை இவ்வளவு நீளத்துக்கு இழுத்துக்கிட்டு என்னமோ பண்றாக்கா! எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு... உங்ககிட்ட இருந்தப்ப இது மாதிரி பண்ணியிருக்காளா?"

வாளியக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். ஜன்னலுக்கு வெளியே பதினேழாம் தூணில் வேறொரு குதிரை நின்றது, வெள்ளை.

"இல்லையேம்மா" என்றாள். "எங்கிட்ட பண்ணினதே இல்ல."

மறுமுனையில் அந்த அம்மாள் சந்தோஷம் தாங்காமல் சிரித்தாள். வாளியக்கா அந்தச் சிரிப்பு முடிகிற வரை காத்திருந்துவிட்டுப் போனை வைத்தாள். வைத்த கை கொஞ்ச நேரம் போனின்மேலேயே இருந்தது.